ஐம்பத்தொரு சிப்பிகள்

போர்ட் பிளேயருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பாம்பூஃப்ளாட்டில் ஷீலா எழுதிக்கொடுத்த மனு வெறுங்கையோடு திரும்பாது என்று ஒரு பேச்சு உண்டு. கப்பல் டிக்கெட் கிடைக்காமல் தவிக்கும் நோயாளி, ரேஷன் கார்டில் புருஷன் பெயர் தப்பாக விழுந்தவள், ஒரு வாரமாகக் குழாயில் காற்று மட்டுமே வரும் தெருக்காரர்கள், எல்லோரும் அவள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். அவள் எழுதும் முறையே தனி. வலப்பக்கம் தேதி. நடுவில் ஒரே வரியில் பொருள். நடந்தது நடந்த வரிசையில். கடைசியில் இணைப்புகள், எண் போட்டு. ஒரு நகல் அவள் கோப்பில் நாடா கட்டிப் போய்ச் சேரும். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதப் பழகிய நாளிலிருந்தே அவளுக்கு இந்த ஒழுங்கு உண்டு.

அப்படிப்பட்டவள் எழுதிய இரண்டு விண்ணப்பங்கள் அடுத்தடுத்துத் திரும்பி வந்துவிட்டன. இரண்டும் அவள் தனக்காக எழுதிக்கொண்டவை.

ஷீலாவுக்கு இருபத்தேழு வயது. போர்ட் பிளேயரில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் சரக்கு பதிவு செய்யும் வேலை. தினமும் எட்டு மணிப் படகில் எதிர்க்கரைச் சாத்தம் துறைக்குப் போய், மாலையில் திரும்புவாள். எந்தத் தீவுக்கு எந்தப் படகு எப்போது போகவேண்டும் என்பதை யாரோ எங்கோ முடிவு செய்கிறார்கள். அது சரியில்லை என்று மனு எழுதுவது மட்டும் இவள் பங்கு. இப்படியே எத்தனை வருஷம்? மனு போய்ச் சேருகிற மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குக் கடல் தாண்டி மெயின்லேண்டில் மேலாண்மைப் படிப்பு படிக்கவேண்டும். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டது. அந்த மதிப்பெண் இந்த வருஷத்துக்குத்தான் செல்லும். மூன்று கல்லூரிகளுக்கு எழுத நினைத்திருந்தாள். இரண்டு கல்லூரிகள், விண்ணப்பத்தோடு கேட்டிருந்த கட்டுரையைப் பார்த்த மாத்திரத்தில் கையை விரித்துவிட்டன. மிச்சம் ஒன்று. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

போர்ட் பிளேயரில் மரைன் ஹில்லில் இருக்கும் பெரியப்பா மகன் அருண்பிரசாத் அந்தப் படிப்பை முடித்தவன். சென்னையில் ஓர் ஆலோசகர் அவனுக்குக் கட்டுரை முதல் நேர்முகத் தேர்வுக்கான சட்டை நிறம் வரை சொல்லிக்கொடுத்தார். அதற்கு அவன் அப்பா ஒரு ஸ்கூட்டரை விற்றார். ஷீலாவின் பழைய கட்டுரையின் முதல் வரியை அவன் சத்தமாகப் படித்தான்.

"'மிகுந்த பணிவுடன் கீழ்க்கண்ட சில வரிகளைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கக் கெஞ்சி வேண்டுகிறேன்.' ஏய், இது என்ன, குடிதண்ணி கேட்டு எழுதுன லெட்டரா?"

"அப்படி எழுதித்தான் அண்ணே இருநூறு வேலை முடிச்சிருக்கேன்."

"அதெல்லாம் இங்க. அங்க கன்சல்டன்ட் இல்லாம நடக்காது தங்கச்சி. ஆழம் தெரியாம கால விடாத."

"ஒங்க ஆலோசகர் கேக்குற காசுக்கு எங்க வீட்டுல விக்க ஸ்கூட்டர் இல்ல. அப்பாகிட்ட சைக்கிள்தான் இருக்கு. அதுக்கும் பிரேக் கெடையாது."

அவள் வாங்கியது வேறு. தானே செய்துகொள்ளும் வழிகாட்டி என்று இணையத்தில் விற்றார்கள். ஒன்பது சின்னக் காணொளிகள், அறுபத்துநான்கு பக்கப் பயிற்சி ஏடு. சென்னைக்குக் கப்பலில் போய்வரும் டிக்கெட்டை விட விலை குறைவு. மறுமுனையில் ஆள் கிடையாது. சந்தேகம் கேட்க முடியாது, திருத்தித் தரமாட்டார்கள், பாராட்டவும் மாட்டார்கள். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் இருக்கும்; நாமே நிரப்பவேண்டும். ஷீலா அதை அலுவலகத்தில் பதிவிறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஓட்டை போட்டு நாடா கட்டினாள். மேலே எண்ணும் போட்டாள்.

அவள் அம்மா ஒச்சம்மா அதைப் புரட்டிப் பார்த்தாள். "காசையும் வாங்கிட்டு வெறும் கட்டத்தக் குடுத்திருக்காய்ங்க. எழுதுறது நீயி. அப்பறம் அவிய்ங்க என்னத்த செஞ்சாய்ங்க?"

"கேள்வி கேட்டிருக்காங்கம்மா."

"கேள்வி கேக்க காசா? நான் ஓசியிலயே கேக்குறனே. கல்யாணம் எப்ப?"

ஷீலா அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு ஏட்டை வாங்கிக்கொண்டாள்.

ஏட்டின் கேள்விகள் அவளை நன்றாகவே உலுக்கின. பதினோராம் பக்கம்: உங்கள் கட்டுரையில் எதையாவது கேட்டுக் கெஞ்சும் வாக்கியங்களை எல்லாம் அடியுங்கள். அடித்தபோது பழைய கட்டுரையில் மிஞ்சியது அவள் பெயரும் பிறந்த தேதியும்தான். பதினெட்டாம் பக்கம்: 'செய்யப்பட்டது', 'அனுப்பப்பட்டது' என்று வரும் இடங்களில் செய்தது யார் என்று எழுதுங்கள். இது அவளுக்குப் பெரிய வேலையாகப் போயிற்று. மனுவில் யாரும் எதையும் செய்வதில்லை. எல்லாம் தானாகச் செய்யப்படும். 'நான்' என்று எழுதக் கை கூசியது. ஆனாலும் ஷீலா வேலை என்று எடுத்தால் பாதியில் விடுகிறவள் அல்ல. நான்கு நாளில் நானூறு சொற்களில் ஒரு கட்டுரை தயாராகிவிட்டது. நிமிர்ந்து நிற்கிற கட்டுரை.

அதன் விஷயம் போன வருஷத்துப் படகு.

சாத்தம் போகும் காலைப் படகு அப்போது ஆறரைக்குக் கிளம்பும். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், ஹோட்டல்களில் பாத்திரம் தேய்க்கப் போகிறவர்கள் பலர் ஓரிரு நிமிஷத்தில் அதைத் தவறவிட்டார்கள். மூன்று தடவை மனு கொடுத்தும் அசையவில்லை. நாலாவது தடவை ஷீலா மனு எழுதவில்லை. மழையில் குடையோடு படகுத்துறை கேட்டில் பதினோரு நாள் நின்று, படகு போனபின் ஓடிவந்து சேர்ந்தவர்களை எண்ணினாள். ஒரு நாளைக்குச் சராசரி இருபத்துமூன்று பேர். அதை அட்டவணையாகப் போட்டு, பத்து நிமிஷம் கேட்டாள். ஒரே மாதத்தில் படகு நேரம் ஆறு நாற்பது ஆகிவிட்டது. ஒச்சம்மா தெருவுக்கே லட்டு கொடுத்தாள்.

'பதினோரு நாள் நான் எண்ணினேன். படகு பத்து நிமிஷம் காத்திருக்கக் கற்றுக்கொண்டது.' கட்டுரை இப்படி முடிந்தது. கடைசி வரியைப் படித்து ஷீலாவே ஒருமுறை சிரித்துக்கொண்டாள். கெட்டிக்காரத்தனமான வரிதான்.

அடுத்தது முப்பத்தோராம் பக்கம். 'சம்பவம் நடந்தபோது அங்கே இருந்த ஒருவரிடம் கட்டுரையைப் படித்துக்காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இதில் எது பொய் என்று கேளுங்கள்.' கீழே ஒரு பெரிய கட்டம்.

அன்று செவ்வாய்க்கிழமை. அங்கே இருந்த ஒருவர் என்றால் சொர்ணம்மாதான். படகுத்துறைக்கு இறங்கும் ரோட்டின் வளைவில் அவள் மீன் விற்கிறாள். ஷீலாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம், பிறந்ததெல்லாம் இங்கேதான். எழுதப் படிக்க வராது. ஆனால் விலையில் அவளை ஏமாற்ற எந்தப் படித்தவனாலும் முடிந்ததில்லை.

மாலையில் அலுவலகம் விட்டு வந்த கையோடு ஷீலா அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஆங்கிலக் கட்டுரையை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். சொர்ணம்மா சூரை மீனை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா. இதுல எது பொய்யி?"

"என்னடி கேள்வி இது? போலீஸ் மாதிரி."

"புக்குல கேக்கச் சொல்லியிருக்கு."

சொர்ணம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "பதினோரு நாளுன்னு சொன்னியே, அது பொய்யி. பத்து நாளுதான் நீ நின்ன. ஒரு நாளு காய்ச்சலுன்னு படுத்துக்கிட்ட. அன்னிக்கு எண்ணினது ஆரு?"

ஷீலாவுக்குச் சுரீரென்றது. ஏழாம் நாள். முந்தின மாலையே உடம்பு சுட்டது. 'படகு கிடைக்காதவங்க எத்தனை பேர்னு எண்ணி வைங்கக்கா' என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனாள். சொர்ணம்மா ஆளுக்கு ஒரு சிப்பியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சாயங்காலம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஐம்பத்தொண்ணு," என்றாள் ஷீலா மெதுவாக.

"ஆங், ஐம்பத்தொண்ணு. அத ஏன் எழுதல?"

"மத்த நாளெல்லாம் இருபது, இருபத்தஞ்சுதான்க்கா. அன்னிக்கு மட்டும் ரெண்டு மடங்கு. நீங்க யாபாரத்துக்கு நடுவுல தப்பா போட்டுட்டீங்கன்னு நெனச்சு அந்த நாள அடிச்சுட்டேன்."

சொர்ணம்மா சிரித்தாள். கோபம் கலந்த சிரிப்பு.

"அரே வா. கிலோவுக்கு அம்பது கிராம் கொறஞ்சா எனக்குக் கைக்குத் தெரியும். ஆள எண்ணத் தெரியாதாக்கும். ஏன்டி, நீ எங்க நின்ன?"

"கேட்டுல."

"நான் எங்க இருக்கேன்?"

"வளைவுல."

"வளைவுல இருந்து பாத்தா படகு தெரியும்ல? பஸ்ஸுல வாரவுக ஆறு முப்பத்தெட்டுக்கு இங்கன எறங்குவாக. படகு இல்லன்னு இங்கனயே தெரிஞ்சிரும். பெறகு எதுக்குக் கேட்டுக்கு ஓடணும்? அப்பிடியே டீக்கடைக்குப் போயிருவாக, அடுத்த படகுக்கு. அவுகளும் படகு கெடைக்காதவகதானே? நீ எண்ணச் சொன்ன. எண்ணினேன்."

ஷீலா தன் அட்டவணையை நினைத்துப் பார்த்தாள். பஸ்ஸில் வருகிறவர்கள் விம்பர்லிகஞ்ச் பக்கத்து ஜனங்கள். அதில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

"இன்னும் கேளு," என்றாள் சொர்ணம்மா. "முந்தி நிம்மதியா டீயாச்சும் குடிச்சாக. நீ நேரத்த மாத்தினப்பறம் படகு ஆறு நாப்பதுக்குப் போகுது. பஸ்ஸு அதே முப்பத்தெட்டு. எறங்கினா படகு கண்ணு முன்னால நிக்கிது. விட்டுட்டு இருக்க மனசு வருமா? தெனமும் ஓடுறாக. தெனமும் கேட்டு மூடிருது. உன் பத்து நிமிசத்தால அவுகளுக்குக் கெடைச்சது மூச்சு வாங்குறதுதான்."

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"நீ கேட்டியா? உங்கம்மா லட்டு குடுத்துக்கிட்டு வந்தா. வாய நெறச்சுட்டா எப்பிடிப் பேசுறது?"

மறுநாள் புதன்கிழமை காலை ஆறரைக்கே ஷீலா வளைவில் வந்து நின்றாள். கேட்டில் இல்லை, வளைவில். முப்பத்தெட்டுக்குப் பஸ் வந்தது. இறங்கியவர்கள் படகைப் பார்த்தார்கள். ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் ஓடினாள். அவள் பின்னால் ஒரு கூட்டமே ஓடியது. பாதி வழியில் படகின் கயிறு அவிழ்ந்தது. ஓடியவர்கள் ஒருவர்பின் ஒருவராக நின்றார்கள். செருப்புக்காரி திரும்பி நடந்து வந்தபோது, ஷீலா நோட்டோடு நிற்பதைப் பார்த்து, "க்யா தீதி, ரேஸ் தேக் ரஹீ ஹோ?" என்று கேட்டாள். பந்தயம் பார்க்கிறீர்களா அக்கா என்று. ஷீலா எண்ணி முடித்தாள். இருபத்தொன்பது பேர்.

எட்டு மணிப் படகில் போகிறவளுக்கு இது ஒரு வருஷமாகத் தெரியவில்லை. அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. அன்று மாலை முதலில் ஒரு புது மனு எழுதினாள். 'பொருள்: காலைப் படகை மேலும் ஐந்து நிமிஷம் தாமதிப்பது, சென்ற ஆண்டு என் கணக்கில் நேர்ந்த பிழை.' தன் பிழையைப் பொருள் வரியிலேயே போட்ட முதல் மனு அதுதான். இணைப்பு ஒன்று, பழைய அட்டவணை, அடிக்கப்பட்ட ஏழாம் நாளோடு. இணைப்பு இரண்டு, புது எண்ணிக்கை. அதை மறுநாள் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டாள்.

பிறகு முப்பத்தோராம் பக்கத்துக் கட்டத்தில் சொர்ணம்மா சொன்னதை அப்படியே எழுதினாள். கட்டம் போதவில்லை. பின்பக்கம் திருப்பி எழுதினாள். அந்தக் கட்டத்திலிருந்துதான் புதுக் கட்டுரை பிறந்தது. கடைசி வரியாக இருந்த கெட்டிக்காரத்தனத்தை வெட்டினாள். ஐம்பத்தொரு சிப்பிகள் முதல் வரிக்கு வந்தன.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அருண்பிரசாத் போனில் வந்தான். கட்டுரையை அவனுக்கு அனுப்பியிருந்தாள்.

"ஏய், ஒனக்கென்ன கிறுக்கா? ஜெயிச்ச கதை நல்லாத்தானே இருந்துச்சு? பத்து நிமிஷம் மாத்தினேன், ஜனங்க சந்தோஷப்பட்டாங்க, அவ்வளவுதான், கதம். இதுல போயி, நான் தப்பா எண்ணினேன், நாலு பேர ஓட விட்டேன்னு எழுதிருக்க."

"நாலு பேரில்ல அண்ணே. இருபத்தொம்பது."

"அதத்தான் சொல்றேன். மீன்காரம்மா ஒன்னவிட நல்லா எண்ணுச்சுன்னு எழுதினா அவங்களுக்கே சீட்டு குடுத்துருவாய்ங்க."

"குடுக்கட்டும். நல்லா நடத்தும் அந்தக்கா."

"தமாஷ் பண்ணாத. ஒனக்கு இதுதான் கடைசி சான்ஸ்."

"தெரியும் அண்ணே. அதனாலதான். அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் நான் உக்காந்தா, தெனமும் யாராச்சும் ஒரு அட்டவணை கொண்டாந்து வைப்பாங்க. எண்ணினவன் எங்க நின்னு எண்ணினான்னு கேக்கத் தெரியணும்ல? எனக்கு இப்பத்தான் தெரியும். அத மறைச்சுட்டு நான் வேற எதக் காட்டி சீட்டு கேக்குறது?"

"என் கன்சல்டன்ட் இத அடிச்சே போட்டிருப்பாரு," என்றான் அருண்பிரசாத்.

"அவரு வளைவுல நின்னதில்லையே."

வெள்ளிக்கிழமை மதியம், நெட் ஒழுங்காக இருந்த ஒரு நேரம் பார்த்து, ஷீலா விண்ணப்பத்தை அனுப்பினாள். அனுப்பியதற்கு வந்த ஒப்புகையை அச்செடுத்துக் கோப்பில் கோத்தாள். அதற்குமேல் அவள் செய்ய ஒன்றுமில்லை என்பதால் கவலைப்படவும் இல்லை. ஒச்சம்மாதான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கவலைப்பட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு என்று அழைப்பு வந்தது. கணினி வழியாகத்தான். பாம்பூஃப்ளாட்டில் மேகம் திரண்டாலே நெட் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதால் அருண்பிரசாத் வீட்டில் உட்கார்ந்தாள். அவன் நீலச் சட்டை நல்லது என்றான். அவள் அலுவலகத்துக்குப் போகும் மஞ்சள் சுடிதாரிலேயே இருந்தாள். பக்கத்தில் கோப்பு.

திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணி கட்டுரையைக் கையில் வைத்திருந்தார்.

"உங்கள் வேலையால் சிலருக்கு நிலைமை மோசமானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாரும் கேட்காதபோது ஏன் சொன்னீர்கள்?"

"ஒருவர் கேட்டார் மேடம். இல்லை, நான் அவரைக் கேட்டேன். எது பொய் என்று," என்றாள் ஷீலா, தடங்கல் இல்லாத ஆங்கிலத்தில். "பொய் தெரிந்தபின் அதைத் திருத்துவதுதான் அடுத்த வேலை. கட்டுரையிலும் திருத்தினேன், படகு அலுவலகத்திலும் மனு கொடுத்தேன்."

"பதில் வந்ததா?"

"இன்னும் இல்லை. இருபத்திரண்டு நாள் ஆகிறது. முப்பதாவது நாள் நினைவூட்டல் கொடுப்பேன்." கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காமிராவுக்குக் காட்டினாள். "வரைவு தயார். தேதி மட்டும் போடவேண்டும்."

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். "அந்த நினைவூட்டலுக்கும் பதில் வரவில்லை என்றால்?"

"பஸ்ஸை ஐந்து நிமிஷம் முன்னால் கிளப்பச் சொல்லிக் கேட்பேன் சார். படகை நகர்த்துவது ஒன்றுதான் வழி என்று முதலில் நினைத்தேன். அதுவும் கேட்டில் நின்று யோசித்ததுதான்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு கேட்ட கேள்விகளெல்லாம் சரக்கைப் பற்றியும் கப்பலைப் பற்றியும்தான். ஷீலா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள்.

அவள் நினைவூட்டல் கொடுத்த அடுத்த திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. எட்டு மணிப் படகுக்கு இறங்கிக்கொண்டிருந்தவள் வளைவில் நின்றுவிட்டாள். இரண்டு தடவை படித்தாள். போனைச் சொர்ணம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எனக்கென்னத்தக் காட்டுற? படிச்சுச் சொல்லு."

ஷீலா தமிழில் சொன்னாள். இடம் கிடைத்தது. கட்டணத்தில் பாதி தள்ளுபடி. ஜூன் மாதம் வந்து சேரவேண்டும்.

சொர்ணம்மா கையைத் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஷீலாவின் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டினாள். மீன்வாடை அடித்தது. ஷீலா துடைக்கவில்லை.

"சரி," என்றாள் சொர்ணம்மா. "இதுல எது பொய்யி?"

ஷீலா மறுபடி போனைப் பார்த்தாள். "'தங்களைத் தேர்ந்தெடுப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்'னு போட்டிருக்கு. எல்லாருக்கும் கம்ப்யூட்டர் தானாப் போடுறது. அது ஒண்ணுதான்க்கா."

"ஒண்ணுன்னா பரவால்ல." சொர்ணம்மா தராசை நிமிர்த்தி வைத்தாள். "ஜூனுக்கு இன்னும் நாளு கெடக்கு. பஸ்ஸ அஞ்சு நிமிசம் முன்னால விடச் சொல்லப்போறேன்னியே, அந்த லெட்டர இப்பவே எழுதி வச்சிரு. எத்தன பேருன்னு நான் எண்ணித் தாரேன். இந்தவாட்டி அடிக்காத."

"அடிக்க மாட்டேன்," என்ற ஷீலா, பையிலிருந்து நோட்டை எடுத்து, வலப்பக்கம் தேதியைப் போட்டாள்.